வாஷிங்டன் உயிலில் பாதிப் பேருக்குக்கூட விடுதலை இல்லையே, ஏன்?

கேள்வி (தேன்மொழி82):
ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகளை உயில் எழுதி விடுவித்தார் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1799-இல் அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த 317 பேரில் அந்த உயிலுக்குள் வந்தவர்கள் 123 பேர்தான். 153 பேர் மனைவி மார்த்தா வழியில் வந்தவர்கள், அவர்களை விடுவிக்க அவருக்கு அதிகாரமே இல்லை என்று படித்தேன். கணவன் மனைவி, ஒரே வீடு, ஒரே பண்ணை. மார்த்தாவும் அப்போது உயிரோடு இருந்தார். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்காதா? சொத்துச் சட்டம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில் (பழைய பத்திரம்):
முடிந்திருக்காது. அந்த 153 பேர் மார்த்தாவுக்கும் முழுச் சொந்தம் இல்லை. அவருடைய முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். வர்ஜீனியா சட்டப்படி அப்படி இறந்தவரின் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டும். விற்க முடியாது, விடுதலை கொடுக்க முடியாது, அவர் காலத்துக்குப் பிறகு எல்லாம் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போய்விடும். 1759-இல் மார்த்தாவை மணந்தபோது வாஷிங்டன் கைக்கு வந்தது இந்த அனுபோக உரிமைதான்.

மனிதர்கள் இதில் நிலத்தோடு நிலமாக எப்படிச் சேர்ந்தார்கள் என்றால், 1705-இல் வர்ஜீனியா போட்ட சட்டம் வாரிசுரிமைக்கு அடிமைகளை அசையாச் சொத்தாகக் கருதச் சொன்னது. நிலமும் அதில் உழைப்பவர்களும் பிரியாமல் ஒரே குடும்பத்தில் தங்குவது பண்ணைக்காரர்களுக்கு வசதி. ஆனால் கடனுக்குப் பிடித்து விற்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை! இதற்கு மேல் 1662 சட்டம் வேறு: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தாய் யாருக்குச் சொந்தமோ பிள்ளையும் அவருக்கே. அதனால் மார்த்தா பங்கில் வந்த பெண்களுக்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் கஸ்டிஸ் கணக்கில் ஏறிக்கொண்டே போனது.

பதில் (வடகரை வேலன்):
மேலே சொன்னது ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று பாருங்கள். ஹெர்குலிஸ் என்பவர் வாஷிங்டனின் தலைமைச் சமையல்காரர், வாஷிங்டனுக்கே சொந்தமானவர். மனைவி ஆலிஸோ கஸ்டிஸ் குடும்பத்தின் பங்கில் வந்தவர், அதனால் பிள்ளைகள் மூவரும் கஸ்டிஸ் பங்கு. 1797 பிப்ரவரியில், வாஷிங்டன் பிறந்தநாள் அன்று, ஹெர்குலிஸ் தப்பி ஓடினார். சில வாரம் கழித்து மவுண்ட் வெர்னானுக்கு வந்த ஒரு பிரெஞ்சு விருந்தாளியின் பணியாள் அவருடைய சின்ன மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டிருக்கிறார். அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார், எனக்குச் சந்தோஷம்தான் என்றாளாம் அந்தக் குழந்தை. பின்னால் அவருக்குச் சட்டப்படியே விடுதலை கிடைத்தது, அந்த மகளுக்குக் கிடைக்கவில்லை.

பதில் (மறுபக்கம்):
சட்டம் கையைக் கட்டியது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தினால் வாஷிங்டனை ரொம்ப நல்லவராக்கிவிடுவோம். வாரிசுகளுக்கு உரிய விலையைக் கொடுத்திருந்தால் வழி இருந்தது. மேற்கே இருந்த நிலங்களை விற்கும் யோசனையும் 1790-களில் அவருக்கு இருந்தது, நடக்கவில்லை. அதே காலத்தில் அவர் செய்த இன்னொன்று: பென்சில்வேனியாவில் வெளியூர்க்காரரின் அடிமை ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம் என்பது சட்டம், அதனால் அதிபராக பிலடெல்பியாவில் இருந்தபோது ஆறு மாதம் நிரம்பாமல் அவர்களை ஊருக்கு அனுப்பி அனுப்பிக் கூட்டிவந்தார். கஸ்டிஸ் பங்கு ஆட்கள் கைவிட்டுப் போனால் தானே விலை கொடுக்க வேண்டிவரும் என்று கடிதத்தில் கவலைப்பட்டிருக்கிறார். 1796-இல் ஓனா ஜட்ஜ் என்ற பெண் நியூ ஹாம்ப்ஷயருக்குத் தப்பியபோது ஆள் அனுப்பித் தேடினார். அவர் கடைசிவரை பிடிபடவில்லை, ஆனால் அங்கே பிறந்த அவருடைய பிள்ளைகள்கூடச் சட்டத்தின் கண்ணில் கஸ்டிஸ் சொத்து.

கேள்வி (தேன்மொழி82):
அனைவருக்கும் நன்றி. ஆலிஸ், பிள்ளைகள் பற்றிப் படித்ததும் மனசு கேட்கவில்லை. மார்த்தா இறந்த பிறகு அந்த 153 பேர் என்ன ஆனார்கள்? மார்த்தாவுக்கு அதிகாரம் இருந்திருந்தால் விடுவித்திருப்பாரா?

பதில் (பழைய பத்திரம்):
வாஷிங்டனின் ஆட்களுக்கு விடுதலை மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு என்றுதான் உயிலில் இருந்தது. தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கும் வீட்டில் அவர் பயத்தோடு இருந்தார் என்று அபிகேல் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்றே அவர்களை விடுவித்துவிட்டார். 1802-இல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பங்கு ஆட்களை நான்கு பேரப்பிள்ளைகளும் பிரித்துக்கொண்டார்கள். விடுதலையான கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு வாரிசிடம், பிள்ளைகள் இன்னொரு வாரிசிடம் என்று குடும்பங்கள் சிதறின. பேரன் பங்கில் போனவர்கள் ஆர்லிங்டன் பண்ணைக்குப் போனார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு தடயம் உண்டு. எலிஷ் என்ற ஒருவர் மட்டும் மார்த்தாவுக்கு முழுச் சொந்தம். அவரை விடுவிக்க எந்தத் தடையும் இல்லை. மார்த்தா தன் உயிலின் பிற்சேர்க்கையில் அவரைப் பேரனுக்கு எழுதிவைத்தார்.