துரும்பு நாழிகை உச்சியில 15 ஏன் வரமாட்டேங்குது?

நொய்யல்கரை:
காங்கேயம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிங்க. கடிகாரம் பார்க்காம நேரத்தை ஊகிக்கோணும், அப்புறம் துரும்பை மடிச்சு, அதோட நிழலை வச்சு நாழிகை சரிபார்க்கோணும். மார்ச் மூணாவது வாரம் நடக்குது. காலை ஒன்பதரை வாக்குல துரும்பு ஒத்து வருது. உச்சியில 15 நாழிகை வரோணும், ஆனா 13-ஐத் தாண்டறதே சிரமமா இருக்கு. பிள்ளைகளோட ஊகமும் ஒரு நாள் கூடுது, ஒரு நாள் குறையுது. எங்கே தப்பு?

சென்னிமலையான்:
முதல்ல குச்சியைப் பாருங்க. காய்ஞ்ச சீமாத்துக் குச்சி மடிக்கறப்பவே ஒடிஞ்சிரும். பச்சை ஈர்க்கு எடுங்க. நீளம் 16 விரற்கிடை (விரல் அகலம்), ஒரே ஆள் விரல்ல அளந்தது. ‘ட’ மாதிரி மடிச்சு, படுத்த பாகம் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போற மாதிரி மட்டமான தரையில வைங்க. நிக்கிற பாகத்தோட நிழல், படுத்த பாகத்து நுனியில முடியற வரைக்கும் மடிப்பை நகர்த்துங்க. நின்னது எத்தனை விரலோ, பொழுது கிளம்பி அத்தனை நாழிகை. மத்தியானத்துக்கு மேல, பொழுது விழ அத்தனை பாக்கி. நாழிகைக்கு 24 நிமிஷம்.

பனங்காடு:
குச்சி மேல தப்பில்லீங்க, முறையே அப்படித்தான். நம்ம ஊரு 11 பாகை (டிகிரி) வட அட்சரேகையில இருக்கு. மார்ச் 20 வாக்குல உச்சிச் சூரியன் 79 பாகைதான் ஏறும். அதுக்குத் துரும்பு 13.4 விரல்தான் நிக்கும். டிசம்பர் கடைசியில 9.5-க்கு மேல போகாது. ஏப்ரல் 19, ஆகஸ்ட் 24 சுமாருக்கு மட்டும் சூரியன் நேர் தலைக்கு மேல வரும், அப்போ நிழலே இருக்காது. இன்னொன்னு, காங்கேயத்துல மார்ச் 20-க்கு உச்சி 12.27-க்குத்தான், 12 மணிக்குப் பார்த்து ஏமாந்துராதீங்க. இந்த மாசத்துல 8-ல இருந்து 10 விரல் வரைக்கும் நம்பலாம், ஏழெட்டு நிமிஷத்துக்குள்ள நிக்கும். 4 விரல்ல ஏறக்குறைய 18 நிமிஷம் கூட்டிச் சொல்லும்.

ஆனா ரெண்டு அளவுக்கு நடுவுல வித்தியாசம் எடுக்காதீங்க. 8-ல இருந்து 10-க்கு 48 நிமிஷம்னு துரும்பு சொல்லும், நிஜத்துல 59 ஆகும்.

கீழ்பவானி:
ஊகம் தாறுமாறா வர்றதுக்குக் காரணம் வேற. ‘நேரத்தைக் கவனிச்சுக்கோ’ன்னு முன்னாடியே சொன்னா பிள்ளை மனசு நேரத்து மேலயே இருக்கும், ஊகம் நீளும். கை நிறைய வேலை இருந்தா சுருங்கும். முடிஞ்ச பிறகு திடீர்னு கேட்டா ஞாபகத்தை வச்சு சொல்லும். நிறைய மாற்றம் நடந்திருந்தா அதுவும் நீளும். இந்த ரெண்டு வகைக் கேள்வியையும் ஒரே பட்டியல்ல எழுதாதீங்க.

மனசுக்குள்ள எண்ணறதையும் தடுக்கோணும். 1962-ல குகைக்குள்ள கடிகாரம் இல்லாம ரெண்டு மாசம் இருந்த பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் மிஷேல் சீஃபருக்கு, நொடிக்கு ஒண்ணுன்னு 120 வரைக்கும் எண்ண அஞ்சு நிமிஷம் ஆச்சு. செப்டம்பர் 14-ல வெளியே வந்தப்ப ஆகஸ்ட் 20-ன்னு நினைச்சிருந்தார். அதனால இடைவெளியை அளக்க வாத்தியார் கையில மறைச்ச கடிகாரம் போதும். ‘இப்ப மணி என்ன’ங்கறதுக்கு மட்டும் துரும்பு வைங்க.