பல் சிகிச்சைக்குக் காப்பீடு: ரூட் கெனால், கேப், கிளிப், எதற்குப் பணம் வரும்?

அரசலாறு (கும்பகோணம்):
வணக்கம். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் ஹெல்த் பாலிசி இருக்கிறது. கம்பெனி குரூப் பாலிசியில் "பல் ஓ.பி. செலவு வருடம் 10,000 வரை, 20% கோ-பே" (அட்மிட் ஆகாமல் செய்கிற சிகிச்சை, அதில் 20% நம் கைக்காசு) என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள், அம்மாவும் அதில் சேர்த்தி. ஏப்ரல் 1-ல் புதுப்பிப்பு. அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டிலும் ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும். ஒரு பல்லுக்கு ரூட் கெனால் 5,000, கேப் 6,000, ஆக 22,000. 14 வயது மகளுக்குக் கிளிப் போடவும் சொல்லியிருக்கிறார்கள். எதில் எவ்வளவு கேட்கலாம்?

கடைமடை (நாகப்பட்டினம்):
5 லட்சம் பாலிசியை இதில் கணக்கில் எடுக்காதீர்கள் சார். சாதாரண ஹெல்த் பாலிசியில் பல் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். விபத்தில் பல்லோ தாடையோ உடைந்து, அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் வரும். அதிலும் 'ஆஸ்பத்திரி' என்பதற்கு வரையறை உண்டு: 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15. குடந்தையோ மயிலாடுதுறையோ, இரண்டு நாற்காலி போட்ட பல் கிளினிக் அதில் வராது. பாலிசி புத்தகத்தில் 'விலக்குகள்' பகுதியை மட்டும் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கிளிப்பை அநேகமாக அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள். அதற்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணத்தை விசாரியுங்கள். உங்களுக்குச் சிதம்பரம் நேர் ரயில் பாதை. ஆனால் ஒன்றரை, இரண்டு வருடம் மாதாமாதம் போய்வர வேண்டும், பள்ளி விடுப்பையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு:
குரூப் பாலிசியில்தான் விஷயம் இருக்கிறது. 22,000-ஐயும் மார்ச்சிலேயே முடித்தால் அதிகபட்சம் 10,000. கோ-பேயை வரம்பிலிருந்து கழிக்கிற பாலிசியாக இருந்தால் 8,000தான். எந்த வரிசையில் கழிப்பார்கள் என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மார்ச் பின்பாதியில் இரண்டு ரூட் கெனாலும் (10,000), ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு கேப்பும் (12,000) என்று பிரித்தால், முதல் வருடம் 8,000. அடுத்த வருடம் 8,000 அல்லது 9,600. மொத்தம் குறைந்தது 16,000. ஏப்ரலிலும் இதே சலுகை தொடர்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். குரூப் பாலிசியில் வருடா வருடம் மாற்றுவார்கள்.

வலி இருந்தால் தேதி பார்க்க வேண்டாம், உடனே ஆரம்பியுங்கள். வேர் அடைத்து முடித்த பல் இரண்டு மூன்று வாரம் கேப்புக்குக் காத்திருக்கலாம். மாதக்கணக்கில் இழுத்தால் தற்காலிக அடைப்பு கசியும், கிருமி மறுபடி உள்ளே போகும். பாதி குடைந்த கடைவாய்ப் பல் முறுக்கு கடிக்கும்போது பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கிளைம் திரும்பி வருவது பெரும்பாலும் பில்லால்தான். "பல் சிகிச்சை, 22,000" என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். நோயாளி பெயர், பல் எண் (கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் 36, வலது 46), ஒவ்வொரு சிகிச்சைக்கும் தேதி, தொகை, டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் வேண்டும். முன்பணம் கொடுத்த தேதியை அல்ல, சிகிச்சை நடந்த தேதியைப் போடச் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் எடுத்த எக்ஸ்ரே, வேர் அடைத்தபின் எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேப் மூடிய பிறகு உள்ளே நடந்த வேலைக்கு அதுதான் சாட்சி.

அரசலாறு:
ரொம்ப நன்றி. வண்டியில் விழுந்ததாக எழுதி வாங்கினால் 5 லட்சத்தில் கேட்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரிவருமா?

கடைமடை:
வேண்டவே வேண்டாம். சொத்தையும் முறிவும் எக்ஸ்ரேயில் வேறு வேறாகத் தெரியும். விபத்து என்றால் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்பார்கள். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற விதிகூட மோசடிக்குப் பொருந்தாது. அம்மாவுக்கு நாளைக்கு இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தேவைப்படும் பாலிசி அது.

இன்னொன்று. அம்மாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்து, வாய் முழுசாகத் திறக்காமல், காரம் பட்டால் எரிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது பல் கோளாறு இல்லை, பாக்கினால் வருகிற வாய்ச் சதை நோயாக இருக்கலாம், புற்றாகவும் மாறக்கூடும். வாய்ப்புற்றுக்கான அறுவை சிகிச்சை பல் விலக்கில் சேராது. அதற்கு 5 லட்சம் பாலிசி உண்டு.

வெண்ணாறு:
முறையான கிளைமை மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.