நீங்க நடுத்தரமா? கேட்டப்போ நடந்ததைச் சொல்லுங்க

பாளையங்கோட்டைக்காரி

2023 ஜூலை கடைசி. மகளிர் உரிமைத்தொகை முகாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல தன்னார்வலரா இருந்ததால எனக்கும் படிவம் பதியுற வேலை. தொகை கிடைக்கணும்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கருக்குள்ள, கரண்டு வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள இருக்கணும், கார் கூடாதுன்னு அப்போ விதி.

பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க. இலை வெட்டி வெட்டி ரேகையே தேஞ்சு போச்சு, மிஷின் எடுக்கவே மாட்டேங்குது. விரலைத் தலைமுடியில தேச்சுத் தேச்சு வச்சாங்க. நாலாவது தடவை விழுந்துச்சு. "ஏழைன்னு எழுதிராதீங்க டீச்சர், நாங்க நடுத்தரம்லா. யாருக்கும் வட்டி கட்டல பாத்துக்கிடுங்க."

அடுத்து நின்ன பெரியம்மாவுக்கு மாடி வீடு. பெங்களூர் மகன் மாட்டிவிட்ட ஏசி. ஆறு பில்லையும் அவங்களே விரல் விட்டுக் கூட்டினாங்க. 3600 தாண்டிருச்சு. "நாங்களும் நடுத்தரந்தாம்மா, ஏசி அவன் ஆசைக்கு வாங்குனது"ன்னு படிவத்தை நாலா மடிச்சுப் பர்சுல வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. ரெண்டு பேர் வாயிலயும் ஒரே வார்த்தை. படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாது.

வள்ளியூர் பையன்

பிரைஸ்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆய்வுல, 2020-21 விலைவாசிக்கு, குடும்ப வருமானம் 5 லட்சத்துல இருந்து 30 லட்சம் வரைக்கும் நடுத்தரமாம். பலசரக்குக் கடையில உக்காந்திருந்த அப்பாகிட்ட வாசிச்சேன்.

"ஆறு லட்சக்காரனும் இருபத்தொம்பது லட்சக்காரனும் ஒரே பந்தியில உக்காருவானால?"

எந்திரிச்சுப் போய் அக்கா கல்யாண மொய் நோட்டைக் கொண்டுவந்தாங்க. 500, 1000 வச்சவங்கதான் அப்பா கணக்குல நடுத்தரம். 2000 வச்சவங்க பேருக்கு நேரா சிவப்பு மையில புள்ளி. திருப்பி வைக்கும்போது நமக்கு முழி பிதுங்குமாம்.

எனக்குச் சென்னையில வருஷம் 9 லட்சம். வாடகை, தங்கச்சி ஃபீஸ் போக மாசக் கடைசியில துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். வருமான வரிப் புது முறையில 12 லட்சம் வரைக்கும் வரி கிடையாதுன்னதும் நம்மளும் இல்லாதப்பட்டவன்தான்னு இருந்தேன். போன மாசம் சித்தப்பா வீட்டு விசேஷத்துல 1000 வச்சேன். மொய் எழுதுனவரு பேனாவைக் கீழ வச்சுட்டு, "தம்பி, மெட்ராஸ்லதானே இருக்கீய?"

கடையம் பக்கம்

எங்க ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டு வருஷமா வரி பிரிக்கப் போறேன். துபாய்க்காரர் வீட்டுல, "நாங்க என்ன பணக்காரவளா, ரெண்டு தவணையா வாங்கிக்கிடுங்க"ன்னாவ. அடுத்த வீட்டுத் தாத்தா பனையேறுதவரு. டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்து முழுசா எண்ணிக் குடுத்துட்டு, "வில்லுப்பாட்டுக்குத் தனியாப் பிரிக்கியளா?"ன்னு கேட்டாரு.