.30-30 லீவர் ரைஃபிள்: ரீலோடு செய்த தோட்டா இறுகுகிறது, கேஸ் அடியில் வளையம் தெரிகிறது

கேள்வி:
வணக்கம். .30-30 வின்செஸ்டர் லீவர் ரைஃபிளுக்கு, சுட்ட பித்தளைக் கேஸ்களை (தோட்டாவின் கூடு) மறுபடி மருந்தும் புல்லட்டும் வைத்து நானே ரீலோடு செய்கிறேன். ஃபுல் லெங்த் சைசிங் டையை (சுட்டு விரிந்த கேஸ் முழுவதையும் அளவுக்கு நெருக்கும் அச்சு), கூட வந்த தாளில் சொன்னபடி ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) நன்றாக முட்டும் வரை இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு சிக்கல். சில தோட்டாக்களுக்கு லீவர் (தோட்டாவை உள்ளே ஏற்றி மூடும் கைப்பிடி) கடைசியில் இறுகுகிறது. மற்றவை சுலபமாக மூடுகின்றன. அடுத்து, பலமுறை சுட்ட சில கேஸ்களில் அடி விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு வளையம். காலிப்பரில் நீளம் 2.031 முதல் 2.044 அங்குலம் வரை கலந்து வருகிறது. ட்ரிம் செய்தால் (வாயை வெட்டி நீளத்தைக் குறைத்தால்) போதுமா? புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சைஸ் செய்தால் கேஸ் நீண்ட நாள் வரும் என்கிறார்கள், அதற்கு மாறலாமா?

பதில் 1:
வளையம் உள்ளவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள் தம்பி. அவற்றை இனி சுட வேண்டாம்.

ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, நுனியை 'ட' மாதிரி மடக்கி, அரத்தில் கூராக்குங்கள். கேஸுக்குள் அடிவரை விட்டு, உள்சுவரைத் தொட்டபடி மெதுவாக மேலே இழுங்கள். வெளியே வளையம் தெரியும் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி மாட்டினால், அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஒன்றை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும். அப்படிப்பட்ட கேஸ் அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியலாம். முன்பாதி சேம்பரிலேயே (குழலில் தோட்டா நிற்கும் அறை) தங்கும். சூடான வாயு பின்பக்கம், உங்கள் முகத்தை நோக்கி வரும்.

காரணம் டை வைத்திருக்கும் விதம். .30-30 விளிம்புள்ள கேஸ். சேம்பரில் அதை நிறுத்துவது விளிம்புதான், தோள் (உடல் சரிந்து கழுத்தாகும் இடம்) இல்லை. அதனால் டை தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் தோட்டா உள்ளே போய் வெடிக்கும், தப்பு வெளியே தெரியாது. சுடும்போது கேஸின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னால் நகரும். நடுவில் சுவர் இழுபடும். லீவர் ரைஃபிள்கள் பலவற்றில் போல்ட் (கேஸைப் பின்னால் தாங்கும் துண்டு) பின்பக்கம்தான் பூட்டுகிறது. அழுத்தத்தில் அது கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் இழுவை இன்னும் கூடும்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. எல்லா வளையமும் ஆபத்து இல்லை. டை இறங்கி நின்ற இடத்திலும் ஒரு கோடு விழும். வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள், கம்பி சொல்வதுதான் தீர்ப்பு.

லீவர் இறுகுவதற்கு நான் கிரிம்பைத்தான் (கேஸின் வாயைப் புல்லட் மேல் மடக்கி இறுக்குவது) சந்தேகப்படுகிறேன். கேஸின் உச்ச நீளம் 2.039 அங்குலம், உங்களிடம் 2.044 இருக்கிறது. ஒரே அமைப்பில் கிரிம்ப் டை நீளமான கேஸின் வாயை அளவுக்கு மேல் அழுத்தும். மடங்க இடமில்லாமல் தோளுக்குக் கீழே உடல் புடைத்துக்கொள்ளும். புல்லட் வைக்கும் முன்னும் கிரிம்ப் செய்த பின்னும் அந்த இடத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். நீளமான கேஸ்களில் மட்டும் விட்டம் கூடினால் விடை கிடைத்துவிட்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு: நீண்ட வாய் சேம்பரின் முனையில் முட்டிப் புல்லட்டை இறுக்கினால் அழுத்தம் எகிறும்.

எல்லாவற்றையும் 2.029-க்கு ட்ரிம் செய்யுங்கள், சைஸ் செய்த பிறகு. சைஸ் செய்யும்போதே கேஸ் நீளும். கிரிம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழாய் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் குழாய்) ஸ்பிரிங்கும் உதைப்பும் சேர்ந்து புல்லட்டை உள்ளே தள்ளும். முனை தட்டையான புல்லட்தான் வேண்டும். கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில், குத்தினால் தீப்பற்றும் பகுதி) போய் நிற்கும்.

கேட்டவர்:
கம்பி சோதனை செய்தேன். வளையம் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் மாட்டியது, அவற்றை நசுக்கிப் போட்டுவிட்டேன். புடைப்பும் நீங்கள் சொன்ன மாதிரியேதான். டையை எவ்வளவு தூக்க வேண்டும் அண்ணா?

பதில் 1:
சுட்ட கேஸில் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அளக்க ஆரம்பியுங்கள். பிரைமர் துளி வெளியே நீட்டியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். காலிப்பரில் கம்பேரேட்டர் (தோள்வரை அளக்க உதவும் துணைக்கருவி) மாட்டி, அடியிலிருந்து தோள் வரை பாருங்கள். வரும் எண் முக்கியமில்லை. சைஸ் செய்த பின் அது எவ்வளவு குறைகிறது என்பதுதான் முக்கியம். 0.001 முதல் 0.002 அங்குலம் குறைந்தால் போதும்.

டையை மேலே தூக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். வழக்கமான டையின் மரையில் அங்குலத்துக்கு 14 சுற்று. கால் சுற்றின் பாதி திருப்பினாலே 0.009 அங்குலம் இறங்கிவிடும். அதனால் லாக் ரிங்கில் (டையை அந்த இடத்தில் நிறுத்தும் வளையம்) பென்சில் கோடு போட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் வெறும் கேஸைச் சேம்பரில் விட்டு லீவரை மூடிப் பாருங்கள்.

கழுத்தை மட்டும் சைஸ் செய்வது இதற்கு ஒத்துவராது. போல்ட் ஆக்‌ஷன் மாதிரி தோட்டாவை உள்ளே நெரித்துத் தள்ளும் பலம் லீவருக்குக் கிடையாது. உடல் விரிந்தபடியே விட்டால் சில சூட்டிலேயே மூடாது.

பதில் 2:
பிரைமரும் மருந்தும் இல்லாமல் இரண்டு போலித் தோட்டா செய்து, மேகசின் வழியாக ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றை நிரப்புங்கள். வேறு ரைஃபிளில் சுட்ட கேஸ் கலந்திருந்தால் அவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அந்த சேம்பரின் அளவு உங்களுடையதோடு ஒத்துப்போகாது.