வேக்குவம் கிளீனர் மோட்டாரை நானே மாற்றலாமா?

மன்னார்குடி அக்கா:
எங்கள் வீட்டை ஒட்டியே களம். சம்பா அறுவடை வந்தால் தை, மாசி முழுக்கக் கூடத்தில் உமித்தூசிதான். அதற்கென்றே வாங்கிய 1200 வாட் மெஷின் எட்டு வருடம் உழைத்தது. போன வாரம் கருகல் வாடை, உள்ளே நீலப்பொறி, அப்புறம் நின்றே விட்டது. கடையில் "புதுசு வாங்கிடுங்கம்மா" என்கிறார்கள். மிக்ஸி மோட்டாரில் உரசி மின்சாரம் கடத்துகிற கார்பன் கட்டைகளை நானே மாற்றியவள். இதையும் பார்க்கலாமா?

திருவாரூர் பட்டறை:
தாராளமாகப் பாருங்கள் அக்கா. மிக்ஸியில் இருக்கிற அதே யுனிவர்சல் மோட்டார்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். கார்பன் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றினால் போதும். கார்பன் உரசுகிற செம்பு உருளையில் (கம்யூட்டேட்டர்) பள்ளம் விழுந்திருந்தால் முழு மோட்டார்தான். கம்பிச்சுருளை மறுபடி சுற்றுகிற ரீவைண்டிங் வேண்டாம் (என் பிழைப்பே அதுதான், இருந்தாலும் சொல்கிறேன்). இது சுற்றுகிற வேகத்துக்கு பாலன்ஸ் துளி பிசகினாலும் பேரிங் போய்விடும்.

தஞ்சாவூர் தம்பி:
வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விட்டம், உயரம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். நான் 5 மில்லிமீட்டர் உயரமானதை வாங்கி, மூடி மூடவே இல்லை. பழைய ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் காற்று கசிந்தால் உறிஞ்சாது.

மன்னார்குடி அக்கா:
கழற்றினேன். பள்ளம்தான். ஃபில்டரில் உமி அடை மாதிரி அப்பியிருந்தது. காற்றோட்டம் இல்லாமல்தான் சூடேறியிருக்கிறது. அதே அளவு மோட்டாரைத் தேடிப் போட்டேன், ஓடுகிறது. ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

திருவாரூர் பட்டறை:
கைப்பிடிக்கு அடியில் பாருங்கள் அக்கா.