மின்சாரம் போனதும் வீட்டு இணையமும் போகிறது: தனியாக இருக்கும் உம்மாவுக்கு என்ன வழி?

கீழக்கரைக்காரன்:
உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. நான் இருக்கும் கோலாலம்பூருக்கு வரச் சொன்னால், "கபர்ஸ்தான் (அடக்கத்தலம்) இங்கேதானே இருக்கிறது" என்று வாயை அடைத்துவிடுகிறார். குரலுக்குக் கேட்கும் ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். "மகனை அழை" என்றால் எனக்கு அழைப்பு வரும். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் அதுவும் ஊமை. தடித்த சுவர், உள்ளறையில் கைப்பேசி சிக்னலும் இல்லை. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் (மின்சாரம் போனாலும் ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கினால் போதுமா? ஸ்பீக்கரிலேயே 108-ஐ அழைக்கலாமா?

பெரியபட்டினம் எலக்ட்ரீஷியன்:
போதாது காக்கா (அண்ணா). ஸ்பீக்கருக்கும் மின்சாரம் வேண்டுமே! இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். யுபிஎஸ்தான் என்றால் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. அதன்பின் அடுத்த மின்வெட்டில் இணையப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எல்ஓஎஸ் விளக்கு (சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே. கேபிள்காரரின் கருவிக்கு மின்சாரம் இல்லாமலும் இருக்கலாம். அதற்கு உங்கள் யுபிஎஸ் என்ன செய்யும்? உப்புக் காற்றில் அடாப்டர் முனை பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரவுட்டர் அணையாமல் ஓடினால், கைப்பேசியில் வைஃபை காலிங்கை (வீட்டு வைஃபை வழியே சாதாரண அழைப்பு) இயக்குங்கள். உள்ளறைத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

தொண்டி செவிலி:
இங்கே விற்கும் ஸ்பீக்கர்கள் 108-ஐயோ, பொது அவசர எண்ணான 112-ஐயோ அழைக்காது. வாட்ஸ்அப்பிலும் முடியாது. மலேசியாவில் இருந்து நீங்கள் 108 போட்டாலும் தமிழ்நாட்டுக்கு வராது. ஆகவே, உம்மா உங்களை அழைத்ததும் நீங்கள் அழைக்க அதே தெருவில் ஒருவர் வேண்டும். கழுத்தில் ஒரு பட்டன் போனையும் தொங்கவிடுங்கள். 2017 முதல் வரும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போக வேண்டும் என்பது அரசு விதி.

கீழக்கரைக்காரன்:
உம்மாவின் போனில் 5-ஐ அழுத்தினால் தங்கைக்குப் போகிறது. தங்கை இருப்பது சென்னையில்.

தொண்டி செவிலி:
பழைய போனாக இருக்கும். அந்த 5-க்குப் பக்கத்து வீட்டு எண்ணைப் போடுங்கள். தங்கை 108-ஐ அழைக்கலாம். சென்னையில் இருந்தும் கிடைக்கும். கீழக்கரைத் தெரு, பள்ளிவாசல் அடையாளம் அவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: இரவில் உம்மா உள்தாழ்ப்பாள் போடுகிறாரா?

கீழக்கரைக்காரன்:
இரண்டு போடுகிறார்.

பெரியபட்டினம் எலக்ட்ரீஷியன்:
யுபிஎஸ் அப்புறம் வாங்கலாம் காக்கா. முதலில் தச்சரைக் கூப்பிட்டு, வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வையுங்கள். ஒரு சாவி அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.