புதுப்பிப்பு: நெல் உலர்த்தல் தரவும் லூயிஸ் சமன்பாடும்

43 பாகை செல்சியஸ் காற்றில் மெல்லிய படையாகப் பரப்பி உலர்த்திய நெல்லுக்கு லூயிஸ் சமன்பாடு (உலரும் வேகம், இன்னும் போகவேண்டிய ஈரத்துக்கு விகிதசமம் என்பது) பொருந்தவில்லை என்று எழுதியிருந்தேன். அதில் நேரத்துக்கு ஓர் அடுக்கை (படிக்குறியை, tⁿ என்பதில் n) சேர்க்கும் பேஜ் சமன்பாடு நன்றாகப் பொருந்துகிறது. அடுக்கு 1ஐ விடக் குறைவு: மேற்பரப்பு ஈரம் சட்டென்று போகிறது, மணியின் உள்ளிருந்து வருவது மெதுவாக.

தயவுசெய்து ஈரநிறை அடிப்படையில் (ஈரத்தை நெல்லின் மொத்த நிறையால் வகுத்து) கணக்கிடாதீர்கள்; உலர்நிறையால் (நீர் நீங்கிய நிறையால்) வகுங்கள். ஈரநிறையில் 24% ஈரம் என்பது உலர்நிறையில் 31.6%; இலக்கான 14% என்பது 16.3%.

சமநிலை ஈரப்பதனை (அந்தக் காற்றில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நெல்லில் எஞ்சும் ஈரத்தை) பூச்சியமாக எடுப்பதும் கூடாது; அது காற்றின் சாரீரப்பதனை (ஒப்பு ஈரப்பதத்தை) பொறுத்தது. கொழும்பின் 28 பாகை, 80% சாரீரப்பதன் காற்றை 43 பாகைக்குச் சூடாக்கினால் சாரீரப்பதன் சுமார் 35% ஆகும். மழை நாளில் இன்னும் கூடும். ஒவ்வொரு சோதனை ஓட்டத்திலும் சாரீரப்பதனை அளந்தே ஆகவேண்டும்.

நெல்லை நிறுக்கும்போது உலர்த்தியின் விசிறியை நிறுத்துங்கள். கீழிருந்து வரும் காற்று நெல் இருக்கும் வலைத்தட்டைத் தூக்கி, நிறையைக் குறைத்துக் காட்டும்.